கார் ஸ்பிரிங்கின் விறைப்பைக் கண்டறிவதும் அளப்பதும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

70 கிலோ எடையுள்ள ஒருவர் சிறிய காரின் முன்பக்கக் காயில் ஸ்பிரிங் மேல் ஏறி நின்றால் அது ஏறத்தாழ 3 செ.மீ. அமுங்கும். அதே உயரம், அதே அகலம் கொண்ட இன்னொரு ஸ்பிரிங் 2.5 செ.மீ.தான் அமுங்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே விறைப்பில் 20 சதவீத வித்தியாசம். வண்டியில் மாட்டினால் ஓட்டுபவருக்கு உடனே தெரியும், ஆனால் கையில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. அமுக்கிப் பார்த்தோ, தட்டிப் பார்த்தோ, நிறத்தைப் பார்த்தோ ஸ்பிரிங்கின் விறைப்பைச் சொல்ல முடியாது. அளந்துதான் ஆகவேண்டும். அளப்பதும் கடினமான வேலை இல்லை. ஒரு வெர்னியர், ஒரு எலக்ட்ரானிக் தராசு, ஒரு ஹைட்ராலிக் பிரஸ் இருந்தால் போதும்.

எந்த எண்ணைத் தேடுகிறோம்

ஒரு ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதே அதன் விறைப்பு. பட்டறைகளில் ‘ஸ்பிரிங் ரேட்’ என்பார்கள். இதை மூன்று அலகுகளில் சொல்கிறார்கள், குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. ஜப்பானியத் தயாரிப்புகளில் கிலோ/மி.மீ. என்றிருக்கும். “6கே ஸ்பிரிங்” என்று ஒருவர் சொன்னால் 6 கிலோ/மி.மீ. என்று பொருள். அமெரிக்கப் பழக்கத்தில் பவுண்டு/அங்குலம். ஐரோப்பிய வரைபடங்களில் நியூட்டன்/மி.மீ.

1 கிலோ/மி.மீ. = 9.81 நியூட்டன்/மி.மீ. = 56 பவுண்டு/அங்குலம். ஆக, 6கே ஸ்பிரிங்கும் 336 பவுண்டு ஸ்பிரிங்கும் ஒன்றே. அளவுகளை எழுதும்போது எண்ணோடு அலகையும் சேர்த்தே எழுதுங்கள். ‘24’ என்று மட்டும் எழுதிவைத்த தாளை ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

ஸ்பிரிங் மேலேயே எழுதியிருப்பவை

ரேஸிங் ஸ்பிரிங்குகளிலும், காயில்ஓவர் (ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் மாட்டிய அமைப்பு) ஸ்பிரிங்குகளிலும் வேலை சுலபம். ஜெர்மனியின் ஐபாக் நிறுவன ரேஸிங் ஸ்பிரிங்கில் 0700.250.0500 என்று அச்சிட்டிருந்தால், நீளம் 7.00 அங்குலம், உள்விட்டம் 2.50 அங்குலம், விறைப்பு 500 பவுண்டு/அங்குலம். ஜப்பானின் ஸ்விஃப்ட் ஸ்பிரிங்ஸ் (மாருதி காருக்கும் இதற்கும் தொடர்பில்லை) இசட்65-178-060 என்று எழுதினால், உள்விட்டம் 65 மி.மீ., நீளம் 178 மி.மீ., விறைப்பு 6.0 கிலோ/மி.மீ. வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் மூன்று எண்ணில் எது எது என்பதை முதலில் டேப் வைத்துச் சரிபாருங்கள். நீளமும் விட்டமும் பொருந்திவிட்டால் மிச்சமிருப்பது விறைப்பு.

கார் நிறுவனம் மாட்டி அனுப்பும் ஸ்பிரிங்கில் இப்படி நேராக எழுதியிருக்காது. பெயின்ட் கோடுகள் அல்லது புள்ளிகள் இருக்கும். “மஞ்சள் ஹார்டு, பச்சை சாஃப்ட்” என்று கடைக்காரர் சொன்னால் நம்பி வாங்க வேண்டாம். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான நிற மொழி ஒன்று கிடையாது. பல நேரங்களில் அந்தக் கோடு விறைப்பையே குறிப்பதில்லை. ஒரே வரைபடப்படி செய்த ஸ்பிரிங்குகளைக் குறிப்பிட்ட நீளத்துக்கு அமுக்கும்போது தாங்கும் சுமையை வைத்துத் தரம் பிரித்ததன் அடையாளமாக இருக்கும். அதே மாடலில் டீசல் வண்டிக்கு எஞ்சின் கனம் கூடுதல் என்பதால் முன் ஸ்பிரிங் வேறாக இருக்கும். சில வண்டிகளில் இடதுக்கும் வலதுக்குமே வேறு வேறு. புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில் ஜோடி சேர்த்து வைத்திருக்கும் இரண்டு ஸ்பிரிங் உண்மையிலேயே ஜோடிதானா என்று சந்தேகப்பட நிறக்கோடு உதவும், அவ்வளவுதான்.

அளப்பதற்கு முன் வகையைப் பாருங்கள்

ஸ்பிரிங்கைச் சமமான தரையில் நிறுத்தி, பக்கவாட்டில் நின்று சுற்றுகளுக்கு இடையிலான இடைவெளியைக் கவனியுங்கள். எல்லா இடைவெளியும் ஒரே அளவு, கம்பி ஒரே தடிமன், விட்டம் மேலிருந்து கீழ்வரை ஒன்று என்றால் அது நேர்விகித ஸ்பிரிங். எவ்வளவு அமுக்கினாலும் ரேட் ஒன்றுதான்.

ஒரு பக்கம் சுற்றுகள் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருந்தால் அது புரோகிரஸிவ். சுமை ஏற ஏற நெருக்கமான சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி வேலையை நிறுத்திவிடும். வேலை செய்யும் சுற்று குறைவதால் ரேட் ஏறும். நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்கிய பீப்பாய் வடிவ ஸ்பிரிங்கில் கம்பியின் தடிமனும் முனை நோக்கிக் குறையலாம். இதற்கு ஒற்றை எண் சொல்ல முடியாது, பிரஸ்ஸில் வைத்து வரைபடம்தான் போடவேண்டும்.

இன்னொன்று: சில மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இணைந்த சஸ்பென்ஷன்) ஸ்பிரிங்குகள் வெளியே எடுத்தால் வாழைக்காய் போல வளைந்திருக்கும். வளைந்துபோய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். ஸ்ட்ரட் தண்டின் மேல் விழும் பக்கவாட்டு விசையைக் குறைப்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள்.

கழற்றும்போது

இந்த வேலையில் உயிராபத்து உள்ள கட்டம் இதுதான். 25 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங்கை 150 மி.மீ. அமுக்கிவைத்தால் அதில் தேங்கும் ஆற்றல் ஏறத்தாழ 280 ஜூல். 10 கிலோ இரும்புக்கட்டி 3 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்.

ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரசரின் இரண்டு கொக்கிகளையும் எதிரெதிரே, சரியாக 180 பாகையில் மாட்டுங்கள். ஒரு பக்கம் இரண்டு திருகு, மறுபக்கம் இரண்டு திருகு என்று மாறி மாறி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் இழுத்தால் ஸ்பிரிங் வளைந்து கொக்கி நழுவும். இம்பாக்ட் கன் வேண்டாம், கையால்தான். திருகில் கிரீஸ் போடுங்கள். ஸ்பிரிங் அதன் இருக்கையில் (முனை படிந்து உட்காரும் தட்டு) கையால் ஆட்டினால் ஆடும் அளவுக்குத் தளர்ந்த பிறகே ஸ்ட்ரட்டின் மேல் நட்டைக் கழற்றவேண்டும். ஸ்பிரிங்கின் அச்சுக்கு நேராக, மேலேயோ கீழேயோ, முகத்தையோ கையையோ வைக்காதீர்கள்.

கழற்றிய உடனே, துடைப்பதற்கு முன், முனைச் சுற்றுகளைப் பாருங்கள். இருக்கையில் படிந்திருந்த பகுதியில் பெயின்ட் தேய்ந்து பளபளப்பாகவோ, ரப்பர் தடம் கறுப்பாகவோ இருக்கும். அந்தத் தடம் எங்கே முடிகிறது என்று மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். பின்னால் கணக்கில் இந்தக் கோடு மிகவும் உதவும், துடைத்துவிட்டால் மறுபடி கிடைக்காது.

கணக்கு முறை

அளவுகள் மட்டும் இருந்தால் விறைப்பைக் கணக்கிட்டுவிடலாம். சூத்திரத்தைச் சொல்லில் எழுதினால்:

விறைப்பு = (78,500 × கம்பி விட்டத்தின் நான்காம் படி) ÷ (8 × சுருளின் சராசரி விட்டத்தின் மும்மடி × வேலை செய்யும் சுற்றுகள்)

எல்லா அளவும் மி.மீ.யில் இருந்தால் விடை நியூட்டன்/மி.மீ.யில் வரும். 78,500 என்பது ஸ்பிரிங் எஃகின் முறுக்கு மீட்சிக் குணகம். சிலர் 79,300 என்று போடுவார்கள். ஒரு சதவீத வித்தியாசம்தான், கவலை வேண்டாம். எஃகின் ரகம் எதுவானாலும் இந்த எண் ஏறக்குறைய மாறாது. “உயர்ரக எஃகு, அதனால் ஹார்டு” என்று விற்பது தவறான விளக்கம். நல்ல எஃகு கூடுதல் சுமையை நிரந்தரமாகச் சுருங்காமல் தாங்கும். விறைப்பைக் கூட்டாது.

முதல் அளவு, கம்பி விட்டம். இந்த அளவு நான்காம் படியாகக் கணக்கில் ஏறுவதால் விடை சரியாவதும் தப்பாவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததே. 12 மி.மீ. கம்பியை 12.3 என்று அளந்துவிட்டால் விடை 10 சதவீதம் கூடிவிடும். வெர்னியரின் தாடைகள் கம்பிக்குச் செங்குத்தாக இருக்கவேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் அளவு கூடும். சுருட்டும்போது கம்பி லேசாக முட்டை வடிவமாகும் என்பதால் ஒரே இடத்தில் இரண்டு திசையில் அளந்து சராசரி எடுங்கள். இப்படி மூன்று சுற்றுகளில் செய்யுங்கள்.

பெயின்ட்டை மறக்காதீர்கள். பவுடர் கோட்டிங் இரண்டு பக்கமும் சேர்த்து 0.2 மி.மீ. வரை இருந்துவிடும். 12 மி.மீ. கம்பியில் அந்த 0.2 மட்டுமே விடையை 7 சதவீதம் ஏற்றிவிடும். ஒரு சிறு இடத்தில், முனைச் சுற்றாகப் பார்த்து, மெல்லிய சாண்ட் பேப்பரால் பெயின்ட்டை மட்டும் நீக்கி அளங்கள். அரம் போடாதீர்கள். எஃகில் விழும் ஒவ்வொரு கீறலும் நாளை விரிசல் தொடங்கும் இடம். அளந்து முடித்ததும் ஜிங்க் பிரைமர் அடித்துப் பெயின்ட் பூசிவிடுங்கள்.

அடுத்து, சராசரி விட்டம். சுருளின் வெளிவிட்டத்தை நேரடியாக வெர்னியரில் எடுக்கப் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். சாதாரண 150 மி.மீ. வெர்னியரின் தாடை ஏறத்தாழ 40 மி.மீ. ஆழம்தான். 130 மி.மீ. அகலச் சுருளின் நடுவரை அது எட்டாது, அளவு குறைவாகக் காட்டும். வெர்னியரின் மேல்பக்கத்துச் சிறு தாடைகளால் உள்விட்டத்தை எடுத்து, அதோடு கம்பி விட்டத்தைக் கூட்டினால் சராசரி விட்டம் கிடைத்துவிடும். வெர்னியர் சிறிதாக இருந்தால் ஸ்பிரிங்கை மேசையில் நிறுத்தி, இரு பக்கமும் மூலமட்டம் வைத்து, இடையே உள்ள தூரத்தை ஸ்டீல் ஸ்கேலால் எடுங்கள். அது வெளிவிட்டம், அதில் கம்பி விட்டத்தைக் கழிக்கவேண்டும். இந்த அளவில் 1 சதவீதம் தவறினால் விடை 3 சதவீதம் தவறும்.

கடைசியாகச் சுற்றுகள். கம்பியின் மேல்முனையிலிருந்து நேர் கீழாகச் சாக்பீஸால் ஒரு கோடு இழுங்கள். முனையிலிருந்து தொடங்கிக் கம்பி வழியே விரலை ஓட்டுங்கள். கோட்டைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று. கடைசியில் மிஞ்சுவதைக் கால், அரை, முக்கால் என்று கணக்கிடுங்கள். இது மொத்தச் சுற்று.

இதிலிருந்து வேலை செய்யாத பகுதியைக் கழிக்கவேண்டும். இருக்கையில் முழுவதுமாகப் படிந்து கிடக்கும் பகுதி முறுக்கம் அடையாது, அதனால் அது ஸ்பிரிங்காக வேலை செய்யாது. கழற்றும்போது போட்ட மார்க்கர் கோடு இங்கே கைகொடுக்கும். இரண்டு முனைகளும் மட்டமாகத் தேய்க்கப்பட்ட காயில்ஓவர் ஸ்பிரிங்கில் பொதுவாக முனைக்கு ஒன்று வீதம் இரண்டு சுற்று கழியும். ஸ்ட்ரட் ஸ்பிரிங்கில் இரண்டு முனையும் சேர்த்து ஒன்றரை சுற்று என்று தொடங்கி, தடத்தைப் பார்த்துத் திருத்துங்கள். முனைச் சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டியிருந்தால் இடையே ஒரு தாளைச் செருகுங்கள். தாள் எங்கே போய் நிற்கிறதோ, அங்கிருந்துதான் வேலை செய்யாத பகுதி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கம்பி 12 மி.மீ., உள்விட்டம் 108 மி.மீ., ஆக சராசரி விட்டம் 120 மி.மீ. மொத்தச் சுற்று 6.5, வேலை செய்வது 5.

12-இன் நான்காம் படி 20,736. அதை 78,500-ஆல் பெருக்கினால் 162,77,76,000. 120-இன் மும்மடி 17,28,000. அதை 8-ஆலும் 5-ஆலும் பெருக்கினால் 6,91,20,000. வகுத்தால் 23.55 நியூட்டன்/மி.மீ., அதாவது 2.40 கிலோ/மி.மீ.

விட்டம் சுற்றுக்குச் சுற்று மாறும் கூம்பு அல்லது பீப்பாய் ஸ்பிரிங்கில், கம்பித் தடிமன் ஒன்றாகவே இருந்தால், ஒவ்வொரு சுற்றின் சராசரி விட்டத்தையும் தனித்தனியே மும்மடியாக்கிக் கூட்டி, ‘மும்மடி × சுற்றுகள்’ இருக்கும் இடத்தில் அந்தக் கூட்டுத்தொகையைப் போடுங்கள். கிடைப்பது எந்தச் சுற்றும் ஒட்டாத நிலையின் ரேட், அதாவது தொடக்க விறைப்பு மட்டுமே.

பிரஸ் முறை

கணக்கு வழிகாட்டும், பிரஸ்தான் தீர்ப்புச் சொல்லும். பேரிங் மாட்டும் சாதாரண 10 அல்லது 20 டன் பிரஸ் போதும். தராசு 500 கிலோ வரை தாங்கும் எலக்ட்ரானிக் பிளாட்பார்ம் தராசாக இருக்கட்டும். மூட்டை எடை போடும் கடைகளில் இருப்பது இதுதான். குளியலறைத் தராசு 150 கிலோவோடு நின்றுவிடும், கார் ஸ்பிரிங் நிற்கும் சுமையை அது எட்டவே எட்டாது.

“பிரஸ்ஸிலேயே பிரஷர் கேஜ் இருக்கிறதே, தராசு எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. 50 மி.மீ. ராம் (அழுத்தும் தண்டு) உள்ள பிரஸ்ஸில் 337 கிலோ என்பது 17 பார் அழுத்தம்தான். 400 பார் வரை காட்டும் கேஜில் முள் கொஞ்சம் அசைந்ததோடு சரி. அதிலும் ராம் சீலின் உராய்வு வேறு கலந்திருக்கும். அந்தக் கேஜை வைத்து ஸ்பிரிங் அளக்கவே முடியாது.

1. தராசைப் பிரஸ் மேடையின் நடுவில் வையுங்கள். மேலே 12 மி.மீ.க்குக் குறையாத இரும்புத் தகடு. மெல்லிய தகடு வளைந்து கெடுக்கும்.

2. ஸ்பிரிங்கின் இரு முனைக்கும் நழுவாத இருக்கை வேண்டும். உள்விட்டத்துக்குப் பொருந்தும் வளையம் பற்றவைத்த தகடு லேத் பட்டறையில் செய்து தருவார்கள். ஸ்ட்ரட் ஸ்பிரிங்காக இருந்தால் பழைய ஸ்ட்ரட்டின் சொந்த இருக்கைகளையே வெட்டியெடுத்துப் பயன்படுத்துவது உத்தமம். முனை படியும் விதம் மாறாது. ரப்பர் இருக்கையை எடுத்துவிடுங்கள்.

3. ஸ்பிரிங்கின் உயரம் சராசரி விட்டத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் போனால் அமுக்கும்போது நடுவில் வளைந்து வெளியே பாயலாம். உள்ளே ஒரு வழிகாட்டித் தண்டு வையுங்கள். எந்த ஸ்பிரிங்கானாலும் சுற்றிலும் சங்கிலியோ கம்பி வலைக் கூண்டோ இருக்கட்டும்.

4. எந்த நீளத்துக்குக் கீழ் அமுக்கக்கூடாது என்று முன்கூட்டியே கணக்கிடுங்கள். எல்லாச் சுற்றும் ஒட்டும் உயரம் ஏறத்தாழ (மொத்தச் சுற்று + 1) × கம்பி விட்டம். நம் எடுத்துக்காட்டில் 7.5 × 12 = 90 மி.மீ. அதற்கு வெகு முன்பே நிறுத்திவிடவேண்டும்.

5. முதலில் அளக்காமல் இரண்டு மூன்று முறை முழு அளவுக்கு அமுக்கி விடுங்கள். முனைகள் இருக்கையில் படியும். பிறகு தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

6. 40 மி.மீ. அமுக்கி முதல் எண்ணை எடுங்கள். பிறகு 25 மி.மீ.க்கு ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் பத்து வினாடி பொறுங்கள், ஜாக்கியில் எண்ணெய் கசிந்தால் எண் இறங்கிக்கொண்டே இருக்கும். நகர்வை ராமில் அளக்காமல், மேல் தகட்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் இடையே அளங்கள். சுமை ஏறும்போது தராசும் ஓரிரு மி.மீ. தாழும், பிரஸ் சட்டமும் சற்று நீளும். ராமில் அளந்தால் இவையெல்லாம் ஸ்பிரிங்கின் கணக்கில் சேர்ந்துவிடும்.

7. இறக்கும்போதும் அதே இடங்களில் எண் எடுங்கள். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங் எங்கோ உரசுகிறது.

மேலே சொன்ன ஸ்பிரிங்குக்கு எண்கள் இப்படி வரலாம்: 40 மி.மீ.யில் 95 கிலோ, 65-இல் 155, 90-இல் 216, 115-இல் 276, 140-இல் 337. அடுத்தடுத்த வித்தியாசங்கள் 60, 61, 60, 61. நேர்விகித ஸ்பிரிங் என்று உறுதி. மொத்தம் 100 மி.மீ.க்கு 242 கிலோ, ஆக 2.42 கிலோ/மி.மீ.

சுமையை நகர்வால் வகுக்கக்கூடாது, இரண்டு இடங்களின் சுமை வித்தியாசத்தை நகர்வின் வித்தியாசத்தால்தான் வகுக்கவேண்டும். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கே. 95-ஐ 40-ஆல் வகுத்தால் 2.375 வருகிறது. தொடக்கத்தில் முனைச் சுற்று படிந்துகொண்டிருப்பதால் அந்த முதல் பகுதி எப்போதும் மெத்தெனக் காட்டும். முழு நகர்வில் 30 முதல் 70 சதவீதம் வரையுள்ள நடுப்பகுதியே நம்பத்தக்கது.

புரோகிரஸிவ் ஸ்பிரிங்கில் சுமையில்லாத நிலையிலிருந்தே ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் கூடிய சுமை 45, 46, 52, 63, 70 கிலோ என்று வந்தால், ரேட் 1.8-இல் தொடங்கி 2.8 கிலோ/மி.மீ. வரை போகிறது. அந்த மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 245 கிலோ என்றால் அது கடைசிப் படியில்தான் விழுகிறது. வண்டி நிற்கும் நிலையில் அதன் விறைப்பு 2.8. வண்டியைப் பொறுத்தவரை தொடக்கத்து 1.8-க்கு வேலையே இல்லை.

காயில்ஓவரில் பிரதான ஸ்பிரிங்குக்கு மேல் சிறிய இரண்டாவது ஸ்பிரிங் இருந்தால் இரண்டையும் தனித்தனியே அளங்கள். தொடர்ச்சியாக அடுக்கிய ஸ்பிரிங்குகளின் கூட்டு விறைப்பு இரண்டையும்விடக் குறைவு: பெருக்கியதைக் கூட்டியதால் வகுக்கவேண்டும். 40-ம் 60-ம் சேர்ந்தால் 24. சின்ன ஸ்பிரிங் முழுதும் ஒட்டிவிட்ட பிறகு 60 மட்டும்.

கழற்றாமல், வண்டியிலேயே

இந்த முறையில் கிடைப்பது சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு, ஸ்பிரிங்குடையது இல்லை. ஓட்டும் குணத்துக்கு உண்மையில் இதுதான் முக்கியம்.

முன்பக்கம் அளப்பதாக வைத்துக்கொள்வோம். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள், கியர் நியூட்ரலில். ஒரு முன்சக்கரம் தராசின் மேல், மற்றது அதே உயரக் கட்டையின் மேல். ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே, இடையே கிரீஸ் பூசி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு இரும்புத் தகடுகள் இருக்கவேண்டும். சஸ்பென்ஷன் இறங்க இறங்கச் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் மாறும். டயர் தரையைப் பிடித்துக்கொண்டால் எண் முழுதும் பொய்யாகிவிடும்.

ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை அளங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் அமுக்கமும் கலந்துவிடும். முன்பக்கக் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரின் நடுவில் ஜாக்கி கொடுத்து உடலை மெதுவாகத் தூக்குங்கள். இரு பக்கமும் சமமாக எழுவதால், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் குறுக்கிடாது. ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் தராசைப் படியுங்கள்: 270, 248, 225, 203 கிலோ. 30 மி.மீ.க்கு 67 கிலோ, ஆக 2.23 கிலோ/மி.மீ. இறக்கும்போதும் படித்துச் சராசரி எடுங்கள். ஷாக் அப்சார்பர், பால் ஜாயின்ட் உராய்வால் இரண்டு திசையிலும் எண் வேறாக வரும். எந்த நிலையிலும் வண்டிக்கு அடியில் போகவேண்டாம்.

இதிலிருந்து ஸ்பிரிங் ரேட்டுக்கு வர, சக்கரம் நகரும் தூரத்தில் ஸ்பிரிங் எவ்வளவு நகர்கிறது என்று தெரியவேண்டும். ஹப் 40 மி.மீ. நகரும்போது ஸ்பிரிங் இருக்கைகளுக்கு இடையிலான தூரம் 38 மி.மீ. மாறினால் விகிதம் 0.95. சக்கர விறைப்பு = ஸ்பிரிங் ரேட் × விகிதத்தின் வர்க்கம். நம் 2.40-ஐ 0.9025-ஆல் பெருக்கினால் 2.17. தராசு காட்டியது 2.23. மிச்சம் 0.06 லோயர் ஆர்ம் புஷ்களின் ரப்பர் தருவது. மெக்பெர்சனில் விகிதம் 1-ஐ ஒட்டியே இருக்கும். மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைத் தாங்கும் டபுள் விஷ்போனில் 0.6, 0.7 என்று இறங்கிவிடும், 0.7-இன் வர்க்கம் 0.49. ஒரே ரேட் ஸ்பிரிங்கை இரண்டு வகை வண்டியில் போட்டு “இதில் ஹார்டு, அதில் சாஃப்ட்” என்று வியப்பவர்கள் இந்த வர்க்கத்தை மறந்தவர்கள்தான்.

இப்படி அளக்கும்போது, நிற்கும் உயரத்திலேயே எண் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக வந்து, சற்றுத் தூக்கியதும் குறைந்தால், வண்டி பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் ரப்பர்) மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். தாழ்த்தப்பட்ட வண்டிகளில் இது சர்வசாதாரணம். முதுகில் அடிப்பது ஸ்பிரிங் அல்ல, அந்த ரப்பர்.

எண்கள் ஒத்துப்போகாவிட்டால்

கணக்கும் பிரஸ்ஸும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் வேலை முடிந்தது. கணக்கு 7 முதல் 10 சதவீதம் கூடுதலாக வந்தால் முதலில் கம்பி விட்டத்தைச் சந்தேகப்படுங்கள், பெயின்ட்டோடு அளந்திருப்பீர்கள். கணக்கு குறைவாக வந்தால் வேலை செய்யாத சுற்றையும் சேர்த்து எண்ணியிருப்பீர்கள். 5 சுற்றில் அரைச் சுற்று தவறினால் 10 சதவீதம் போய்விடும். பிரஸ்ஸில் வித்தியாசங்கள் சீராக இல்லாமல் கூடியும் குறைந்தும் வந்தால் ஸ்பிரிங் நடுவில் இல்லை, அல்லது தகடு சாய்கிறது.

உட்கார்ந்த ஸ்பிரிங், வெட்டிய ஸ்பிரிங்

பழைய வண்டி தாழ்ந்து நின்றால் “ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது, சாஃப்ட் ஆகிவிட்டது” என்பார்கள். முதல் பாதி சரி, இரண்டாவது பாதி தவறு. சுமையில்லா நீளம் நிரந்தரமாகக் குறைந்திருக்கும், ஆனால் கம்பியும் விட்டமும் சுற்றும் மாறாததால் ரேட் ஏறக்குறைய புதிதில் இருந்ததேதான். அளந்து பார்த்து “ரேட் சரியாக இருக்கிறது” என்று அதையே திரும்ப மாட்டினால் வண்டி தாழ்ந்தேதான் நிற்கும். எனவே ரேட்டோடு சுமையில்லா நீளத்தையும், குறிப்பிட்ட ஒரு சுமையில் உள்ள நீளத்தையும் சேர்த்துக் குறித்துவையுங்கள்.

வெட்டினால் கதை வேறு. 5 வேலை செய்யும் சுற்றில் ஒன்றை வெட்டினால் 23.55 என்பது 29.4 ஆகும். நீளமும் குறையும், விறைப்பும் 25 சதவீதம் ஏறும். கேஸ் வெல்டிங் சுடரால் வெட்டியிருந்தால் அந்த முனையை அடுத்த பகுதி பதம் இழந்திருக்கும். நிறம் நீலமாகவோ பழுப்பாகவோ மாறியிருப்பதைப் பார்த்தாலே தெரியும். அப்படிப்பட்டதை அளக்கவும் வேண்டாம், மாட்டவும் வேண்டாம்.

துருவால் கம்பியில் குழி விழுந்திருந்தாலும் அதே முடிவுதான். குழிகள் பெரும்பாலும் கீழிருந்து முதல் சுற்றில், சேறும் நீரும் தங்கும் இருக்கை விளிம்பில் இருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் அந்த ஸ்பிரிங் இரும்புக் கடைக்குப் போகவேண்டியது. மாற்றும்போது இடதையும் வலதையும் சேர்த்தே மாற்றுங்கள்.

தேறிய ஸ்பிரிங்கின் முனைச் சுற்றில் பெயின்ட் மார்க்கரால் ரேட்டை அலகோடும், சுமையில்லா நீளத்தையும், எந்தப் பக்கம் என்பதையும் எழுதிவிடுங்கள்.